வழுவும் வழுவமைதியும்: இந்திய ஆங்கில வழக்குகள்மீது எழும் எரிச்சல்

மொழியியலார் மொழியை விளக்குகின்றனர். மொழியைப் பயன்படுத்துவோர் அதன்மீது சினமும் கொள்கின்றனர். 'தேர்வை பிரிபோன் செய்துவிட்டார்கள்' என்று ஒருவர் கூறும்போது அருகிலிருப்பவர் முகம் சுளிப்பதும், அலுவலகக் கடிதத்தில் 'கைண்ட்லி ரிவெர்ட்' என்றிருப்பதைக் கண்டு மேலதிகாரி சிவப்பு மையைத் தேடுவதும் இந்நாட்டில் அன்றாட நிகழ்ச்சிகள். இச்சுளிப்பு தனிமனித விருப்பு வெறுப்பு, ஆய்வுக்குரிய பொருளன்று என ஒதுக்கிவிடும் போக்கு நெடுங்காலம் நிலவியது. ஆயின் ஒரு சமூகம் எந்த வழக்கைக் கேட்டுச் சுளிக்கிறது, எதனைக் காதில் வாங்காமலே விட்டுவிடுகிறது, ஒரே வழக்கு யார் வாயில் பிழையாகிறது, யார் வாயில் நடையாகிறது என்பன யாவும் மொழித்தரவுகளே. ஜேம்ஸ் மில்ராயும் லெஸ்லி மில்ராயும் 1985இல் வெளியிட்ட நூலில் இதனை 'முறையீட்டு மரபு' எனத் தனியே பிரித்துக் காட்டினர். 1995இல் டெபோரா கேமரன், மொழியைத் திருத்தவும் தூய்மைப்படுத்தவும் மக்கள் கொள்ளும் வேட்கை மொழிப் பயன்பாட்டின் ஓர் இயல்பான கூறே என்று வாதிட்டார்.

இந்தியாவில் இவ்வெரிச்சலின் முதன்மை இலக்கு ஆங்கிலம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் குறித்தோர் ஏறத்தாழ 2.6 இலட்சம் பேர். இரண்டாம் மொழியாகக் குறித்தோர் ஏறத்தாழ 8.3 கோடி, மூன்றாம் மொழியாகக் குறித்தோர் ஏறத்தாழ 4.6 கோடி. அஃதாவது தாய்மொழியாளர் ஒருவருக்குக் கற்றுப் பேசுவோர் ஏறத்தாழ ஐந்நூறு பேர் என்னும் விகிதம். இத்தகைய மொழியில் 'தாய்மொழியாளர் இப்படிச் சொல்லமாட்டார்' என்னும் அளவுகோல் நாட்டிற்கு வெளியேதான் கிடைக்கும். கண்ணுக்கு எட்டாத இடத்தில் அளவுகோலை வைத்துக்கொண்டு அண்டை வீட்டாரின் பேச்சை அளக்கும் நிலை இது. சுளிப்பின் தோற்றுவாய் இங்குத் தொடங்குகிறது.

இக்கட்டுரை இந்திய ஆங்கிலத்தில் அடிக்கடி கண்டிக்கப்படும் சில வழக்குகளை எடுத்துக்கொண்டு, அவை தோன்றிய முறையையும், மொழிபெயர்ப்பாளருக்கு அவற்றால் நேரும் இடர்ப்பாட்டையும் ஆராய்கிறது.

வழு, வழாநிலை, வழுவமைதி

பிழை என்பதை ஒரே நிறத்தில் காணாத கலைச்சொல் மரபு தமிழிலக்கணத்தில் உண்டு. தொல்காப்பியக் கிளவியாக்கம் வழுக்களைக் காத்தலையும் சிலவற்றை அமைத்துக்கொள்ளலையும் சேர்த்தே பேசுகிறது. நன்னூல் வழுவினைத் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என எழுவகைப்படுத்துகிறது. இலக்கண நெறியில் நிற்பது வழாநிலை. நெறி பிறழ்வது வழு. பிறழ்ந்தும் தக்க காரணத்தால் ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. வீட்டுப் பசுவை அன்பு மிகுதியால் 'அம்மை வந்தாள்' என்பது திணை வழுவாயினும் அமைதியாகக் கொள்ளப்படும்.

இவற்றுள் மரபு வழு இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது. யானையை ஓட்டுபவனைப் பாகன் என்பதும் ஆட்டை மேய்ப்பவனை இடையன் என்பதும் மரபு. மாற்றிச் சொன்னால் பொருள் விளங்காமற் போகாது. விளங்கியும் அது வழு, ஏனெனில் உயர்ந்தோர் அவ்வாறு வழங்கிலர். இந்திய ஆங்கிலத்தின்மேல் சுமத்தப்படும் குற்றங்களுள் பெரும்பகுதி இவ்வகையினது. 'டுடே மார்னிங்' என்றால் எந்த ஆங்கிலேயருக்கும் பொருள் விளங்கும். 'இந்தக் காலை' என்னும் அமைப்பில் கூறுவதே அவர்தம் மரபு. தமிழில் 'இன்று காலை', இந்தியில் 'ஆஜ் சுபஹ்' என்றிருப்பதால் இந்தியர் வாயில் அது 'டுடே மார்னிங்' ஆகிறது. பொருட்குழப்பம் இல்லை; உயர்ந்தோர் யார் என்பதில் மட்டுமே கருத்துவேறுபாடு.

மேலைநாட்டு மொழியியலில் விதிமுறை இலக்கணம், விளக்க இலக்கணம் என இரண்டாகப் பிரித்துவிடுவதால் இடைப்பட்ட இம்மூன்றாம் நிலைக்குப் பெயரில்லாமற் போய்விட்டது. வழுவமைதி என்னும் கருத்தாக்கம் அவ்விடத்தை நிரப்பும் ஆற்றல் உடையது. நம் மொழியியல் துறைகளில் அது போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை என்றே கூறவேண்டும்.

முறையீட்டின் பழமை

ஆங்கிலேயர் தம் மொழியைப் பற்றி முறையிட்டது இந்தியர் அதனைக் கற்பதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. ஜோனதன் ஸ்விஃப்ட் 1710இல் 'மாப்' போன்ற குறுக்கச் சொற்களைக் கடிந்து எழுதினார். 1712இல் ஆங்கிலத்தைத் திருத்தி நிலைநிறுத்துவதற்கான திட்டம் ஒன்றையும் முன்வைத்தார். கோலரிட்ஜ் 1832இல் 'டேலன்டட்' என்னும் சொல்லைக் காட்டுமிராண்டித்தனமானது என்று வெறுத்தார். இன்று இவ்விரு சொற்களையும் எவரும் ஐயுறுவதில்லை. வெறுத்தவர் மறைய, வெறுக்கப்பட்ட சொல் நிலைத்தது.

இந்தியரின் ஆங்கிலத்தைக் குறித்த முறையீடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நூல்வடிவம் பெற்றது. 1891இல் ஆர்னல்ட் ரைட் எழுத்தர்களின் ஆங்கிலத்தைத் தொகுத்து நகைப்புக்குரிய நூலாக வெளியிட்டார். 1897இல் எஃப். ஆன்ஸ்டியின் 'பாபு ஜாபர்ஜி' என்னும் நகைச்சுவை நூல் வெளிவந்தது. இந்திய ஆட்சிப்பணியில் இருந்த ஜி. சி. விட்வொர்த் 1907இல் இந்தியர் எழுதும் ஆங்கிலத்திலுள்ள மரபுப் பிழைகளைத் தொகுத்து ஆராய்ந்தார். அவர் நோக்கம் நகைப்பன்று, திருத்தமே. 1934இல் ஆர். சி. காஃபின் எழுதிய குறிப்புகளில் விளக்கும் போக்கு சற்று மேலோங்கியது. விடுதலைக்குப் பின் 1979இல் நிஹலானி, டாங், ஹோசாலி ஆகிய மூவர் பிரித்தானிய வழக்கையும் இந்திய வழக்கையும் அருகருகே வைத்துக் கையேடொன்று வெளியிட்டபோது, 'பிழை' என்னும் இடத்தில் 'வேறுபாடு' என்னும் சொல் அமர்ந்தது.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சியையும் நினைவுகூர்தல் தகும். யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியத்தின் பெயர் 'ஹாப்சன்-ஜாப்சன்'. மொகரம் ஊர்வலத்தில் எழும் 'யா ஹசன், யா ஹுசைன்' என்னும் முழக்கத்தை ஆங்கிலப் படைவீரர் தம் வாய்க்கேற்பச் சிதைத்துக் கூறிய வடிவம் அது. அதனை நூலாசிரியர்கள் வெட்கமின்றி, ஏன், மகிழ்ச்சியுடனேயே தலைப்பாக்கினர். தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னெல் தமிழ்ச் சொற்கள் பலவற்றை அறிந்தவர். மரங்களைப் பிணைத்துக் கட்டிய மிதவையே கட்டுமரம். 'கேட்டமரான்' இன்று இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது. மிளகுத் தண்ணீர் ஆங்கிலேயர் மேசையில் இறைச்சி கலந்த 'மல்லிகட்டானி' ஆயிற்று. இவற்றை எவரும் தவறாகப் பயன்படுத்தப்பட்ட தமிழ் என்று எரிச்சலுறுவதில்லை. சொற்கள் மேலிருந்து கீழே இறங்கும்போது கடன். கீழிருந்து மேலே ஏறும்போது பிழை.

சில சொல்லாட்சிகள்

'பிரிபோன்' என்பதே கண்டனத்துக்கு மிகுதியும் ஆளாகும் சொல். 'போஸ்ட்போன்' என்பதன் முன்னொட்டை மட்டும் மாற்றி, நாளை முன்னுக்குக் கொணர்தல் என்னும் பொருளில் அமைக்கப்பட்டது. சொல்லாக்க விதிக்கு இம்மியும் முரண்படாதது. இரண்டும் இலத்தீன் வேரிலிருந்தே வருவன. இது இந்தியரின் கண்டுபிடிப்பு என்று பெருமை கொள்வோரும் சிறுமை கொள்வோரும் ஒருங்கே மறப்பது ஒன்றுண்டு. 1913இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்கு எழுதப்பட்ட கடிதம் ஒன்றில் ஜான் டிரெனர் என்பார், 'போஸ்ட்போன்' என்பதற்கு இணை தேவை எனக் கூறி இதே சொல்லை இதே பொருளில் ஆக்கித் தந்தார். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி அதனைப் பதிவு செய்துள்ளது. அமெரிக்காவில் அச்சொல் வேர்கொள்ளவில்லை, இந்தியாவில் வேர்கொண்டது. தேர்வும் கூட்டமும் திருமணமும் அடிக்கடி நாள் மாறும் நாட்டில் அதற்கு வேலை இருந்தது.

'டூ த நீட்ஃபுல்' என்பது வேறு வகை. இது இந்தியர் ஆக்கியதன்று. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இயல்பாக வழங்கியது. கும்பினியின் எழுத்தரறைகள் வழியாக இந்நாட்டுக் கோப்புகளுள் புகுந்து, தாயகத்தில் வழக்கொழிந்த பின்னும் இங்கு உயிருடன் இருக்கிறது. 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்பதும் அத்தகையதே. 'ஸ்டேஷன்' என்பது மாவட்டத்தில் ஆங்கில அலுவலர்களும் படைத்தலைவர்களும் குடியிருந்த பகுதி. அதனை நீங்கிச் சென்றவரே 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்'. இன்று அத்தொடரைச் சொல்லும் வீட்டுத்தலைவிக்கு அக்குடியிருப்பும் இல்லை, அந்நினைவும் இல்லை. மொழிபெயர்ப்பாளர் 'வெளியூர் போயிருக்கிறார்' என்று எழுதிவிட்டால் போதும். 'நிலையத்துக்கு வெளியே' என எழுதினால் வாசகர் இரயிலடிக்குப் போய்விடுவார். கார்களின் மாற்றுச் சக்கரத்தை இந்தியர் 'ஸ்டெப்னி' என்பதும் வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரத்து ஸ்டெப்னி தெருவில் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் பெயரே. பிழையெனப்படுவனவற்றுள் கணிசமான பகுதி இவ்வாறு பிரித்தானியர் விட்டுச் சென்ற பழம்பொருள்கள்.

'கசின் பிரதர்' என்னும் தொடர் இன்னும் ஆழமானது. 'கசின்' என்றாலே போதும், 'பிரதர்' மிகை என்பது வழக்கமான கண்டனம். இம்மிகை எதனைச் சுமக்கிறது என்று காணவேண்டும். திராவிட உறவுமுறையில் சித்தப்பா, பெரியப்பா, சித்தி, பெரியம்மா ஆகியோரின் மக்கள் உடன்பிறந்தார் முறையினர். மாமன், அத்தை ஆகியோரின் மக்கள் மணவுறவுக்குரிய முறையினர். ஒருவர் அண்ணன், மற்றவர் மச்சான் அல்லது முறைமாப்பிள்ளை. இவ்விரு தரப்பினரையும் ஆங்கிலம் 'கசின்' என்னும் ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறது. யாரை மணக்கலாம், யாரை மணக்கலாகாது என்னும் எல்லைக்கோடு அச்சொல்லில் அழிந்துபோகிறது. 'பிரதர்' என்பதைச் சேர்த்ததும் அக்கோடு மீண்டும் தோன்றுகிறது. வட இந்தியாவில் நிலைமை வேறு. அங்கு மாமன் மகனும் 'பாயி'தான். உறவின் வழியைச் சுட்ட 'சசேரா', 'மமேரா' என்னும் அடைகள் வரும். ஆகவே இந்தி பேசுபவரின் 'கசின் பிரதர்' எல்லாத் தரப்பினரையும் தழுவ வல்லது. தமிழரின் 'கசின் பிரதர்' பெரும்பாலும் பங்காளி முறையோடு நின்றுவிடுவது. ஒரே பிழை என்று எண்ணப்படுவது உண்மையில் இருவேறு பொருண்மைகளைக் கொண்ட இரு சொற்கள். இந்திய ஆங்கிலப் புதினத்தைத் தமிழாக்கும்போது, பேசும் பாத்திரம் எம்மொழிக் குடும்பத்தைச் சார்ந்தது என்று அறியாமல் இத்தொடரைத் தொடக்கூடாது.

'டவுட்' என்பதும் அவ்வாறே. 'ஐ ஹேவ் எ டவுட்' என்று கை உயர்த்தும் மாணவன் ஆசிரியரின் கூற்றை நம்பவில்லை என்று கருதி வருந்திய அயல்நாட்டு ஆசிரியர்கள் உண்டு. 'சந்தேகம் கேட்டல்' என்பதில் அவநம்பிக்கை இல்லை. விளக்கம் வேண்டுதல் மட்டுமே உண்டு. 'உங்கள் நற்பெயர் என்ன' என்னும் பொருளில் ஆங்கிலத்தில் கேட்கப்படும் வினா, இந்தியின் 'சுப நாம்' என்பதன் நேர்பெயர்ப்பு. மரியாதையைச் சொல்லில் காட்டியாகவேண்டும் என்னும் பண்பாட்டின் கோரிக்கை அதில் உள்ளது. 'நான் அப்படித்தான்' என்பதிலுள்ள 'தான்' என்னும் இடைச்சொல், இந்தியில் 'ஹீ', ஆங்கிலத்திற்குச் செல்லும்போது தொடரிறுதியில் 'ஒன்லி' என்று வந்து நிற்கிறது. இவற்றை விரித்துரைப்பின் பெருகும்.

சொற்களை விட்டுத் தொடரமைப்புக்கு வந்தால் விளக்கம் அத்துணை எளிதன்று. 'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என நிலைவினைகளைத் தொடர்நிகழ்காலத்தில் கூறுதல் இந்திய ஆங்கிலத்தின் முத்திரையாகவே நகைக்கப்படுகிறது. தாய்மொழித் தாக்கம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். தாய்மொழிகளைப் பார்த்தால் அவ்விடை நிறைவளிக்கவில்லை. தமிழில் 'எனக்குத் தெரியும்' என்பதே வழக்கு. 'தெரிந்துகொண்டிருக்கிறது' என்பார் இலர். இந்தியிலும் 'ஜான்தா ஹூம்' என்பதே இயல்பு. தொடர்நிகழ்வைக் காட்டும் 'ரஹா' அங்கு வருவதில்லை. தாய்மொழியில் இல்லாத ஒன்றைத் தாய்மொழி எவ்வாறு தரும்?

இதற்கு இருவழியில் விடை காணலாம். முதலாவது, இந்திய மொழிகளின் வினைமுற்றில் முற்றுப்பெறாமையைக் காட்டும் குறி வெளிப்படையாக நிற்கிறது. தமிழின் '-கிறு-' பழக்கம், நிலை, நடந்துகொண்டிருக்கும் செயல் மூன்றையும் தழுவும். ஆங்கிலத்தின் எளிய நிகழ்காலத்தில் அத்தகைய குறி ஏதும் இல்லாததால், கண்ணுக்குத் தெரியும் 'இங்' என்னும் ஈற்றினைக் கற்போர் அவ்விடத்தில் பொருத்திக்கொள்கின்றனர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் அன்று இது. இலக்கண வகைப்பாட்டினையே பெயர்த்தல். இரண்டாவது வகுப்பறை. 1950களிலும் 1960களிலும் பரவிய அமைப்புமுறைப் பாடத்திட்டத்தில் ஆசிரியர் கதவைத் திறந்தபடியே 'நான் கதவைத் திறந்துகொண்டிருக்கிறேன்' என ஆங்கிலத்தில் கூறிக் கற்பித்தார். செய்து காட்டக்கூடியது தொடர்நிகழ்காலமே. அறிதலையும் விரும்பலையும் எப்படிச் செய்து காட்டுவது? முதலில் கற்றதும் மிகுதியாகக் கேட்டதும் மனத்தில் வேரூன்றின. எழுதும்போது திருத்திக்கொள்ளப்படும் இவ்வடிவம் பேச்சில்தான் மிகுதியும் வெளிப்படுகிறது என்பதும் இதனோடு பொருந்துகிறது. மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் 2003இல் 'ஐ ஆம் லவிங் இட்' என்னும் பொருளுடைய விளம்பரத் தொடரை உலகெங்கும் பரப்பியபோது அதனை இந்தியப் பிழை என்று எவரும் எள்ளவில்லை என்பது நினைக்கத்தக்கது.

'ஃபர்னிச்சர்ஸ்', 'லக்கேஜஸ்', 'அட்வைசஸ்' என்னும் பன்மைகளும் தாய்மொழித் தாக்கம் என்னும் சிமிழுக்குள் அடங்கா. தமிழில் அஃறிணைப் பன்மைக்குக் 'கள்' ஈறு கட்டாயமன்று. 'பத்து மரம்' என்பது வழாநிலை. தமிழ்த் தாக்கம் இருந்திருந்தால் பன்மை குறையவேண்டுமேயன்றிப் பெருகியிருத்தல் கூடாது. நாற்காலியை எண்ணலாம், மேசையை எண்ணலாம், இரண்டையும் சேர்த்தால் எண்ணலாகாது என்னும் ஆங்கிலத்தின் பாகுபாட்டில் உலகியல் நியாயம் ஏதும் இல்லை. பிரெஞ்சு மொழி அறைகலன்களை எண்ணுகிறது. நியாயமில்லாத இடத்தில் கற்போர் நியாயத்தைப் புகுத்துகின்றனர். அதுவே பிழையாக எண்ணப்படுகிறது.

மேற்கண்ட சான்றுகளில் ஒரு படிநிலை புலனாகும். 'பிரிபோன்', 'டைம்பாஸ்' போன்ற தனிச்சொற்கள் அகராதிகளில் இடம்பெறும்போது நாளிதழ்கள் அதனைப் பெருமைக்குரிய செய்தியாக வெளியிடுகின்றன. தொடரமைப்புப் பிறழ்வுகளுக்கு அத்தகைய வரவேற்பு இல்லை. அவை இகழ்ச்சிக்கே உரியன. தனிச்சொற்களை ஆங்கிலவழியில் பயின்ற நகர மாந்தரும் பயன்படுத்துகின்றனர். 'ஐ ஆம் நோயிங்' என்பது தாய்மொழிவழியில் பயின்று முதல் தலைமுறையாக ஆங்கிலத்தைத் தொட்டவரின் அடையாளம். எனவே இகழப்படுவது வினைவடிவம்தானா என்பது ஐயத்துக்குரியது.

பிரேட்டரும் குவிர்க்கும் கச்ருவும்

இவ்விடத்தில் ஒரு பழைய விவாதம் நினைவுக்கு வருதல் இயல்பு. 1968இல் கிளிஃபர்டு பிரேட்டர், இரண்டாம் மொழியாளரின் வட்டார ஆங்கிலத்தை ஏற்றல் பிரித்தானியரின் சமயத் திரிபு போன்றதொரு கொள்கைத் திரிபு என்று எழுதினார். காஷ்மீரில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய பிரஜ் கச்ரு 1976இல் அதனைக் கடுமையாக மறுத்தார். இந்திய ஆங்கிலம் அதன் சூழலில் செய்யும் பணியைக் கொண்டே அளக்கப்படவேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. 1983இல் வெளிவந்த அவருடைய நூல் 'இந்தியமயமாதல்' என்னும் கருத்தை நிலைநிறுத்தியது. 1990இல் ராண்டல்ஃப் குவிர்க் மீண்டும் தரமொழியின் பக்கம் நின்று வாதிட, 1991இல் கச்ரு அதற்கும் விடையிறுத்தார்.

இவ்விவாதத்தில் கச்ருவின் பக்கமே வெற்றி என்று நம் பல்கலைக்கழகப் பாடநூல்கள் கருதிக்கொள்கின்றன. விளக்க இலக்கணத்தின் அளவில் அது சரியே. ஆயின் குவிர்க்கின் அச்சத்தில் ஒரு பகுதி எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. எல்லா வழக்கும் சமம் என்று கற்பிக்கப்பட்ட மாணவன், எல்லா வழக்கும் சமமாகக் கருதப்படாத நேர்முகத் தேர்வில் போய் அமர்கிறான். 2000க்குப் பின் பெருகிய அழைப்பு மையங்களில் 'தாய்மொழித் தாக்கம்' என்பது மூன்றெழுத்துச் சுருக்கமாகி, ஒருவரைப் பணிக்குக் கொள்வதா தள்ளுவதா என முடிவு செய்யும் அளவுகோலாயிற்று. மொழியியலில் நடுநிலையான அக்கலைச்சொல் அங்கு நோயின் பெயர் போல ஒலித்தது. தரமொழியைக் கற்பித்தல் வேண்டுமா என்பது உண்மையான வினாவன்று, வேண்டும். கற்பிக்கும்போது மாணவனின் வீட்டு வழக்கை நோயாகக் காட்டுவதா, மற்றொரு வழக்காகக் காட்டுவதா என்பதே வினா. இதற்கு பிரேட்டரிடம் விடை இல்லை; கச்ருவிடம் பாதி விடையே உண்டு.

எரிச்சல் பொருந்தும் இடங்கள்

அமைதியாகக் கொள்ளத்தக்க வழுக்களை மட்டுமே கண்டு, வழுவே இல்லை என முடிவுகட்டுதலும் கூடாது. 'ரிவெர்ட்' என்பது இந்திய அலுவலகங்களில் 'மறுமொழி அனுப்புக' என்னும் பொருளில் வழங்குகிறது. பிற நாடுகளில் 'முன்னைய நிலைக்குத் திரும்புதல்' என்றே பொருள்படும். சொத்துரிமை ஆவணங்களில் அச்சொல் உடைமை பழைய உரிமையாளரிடம் மீள்வதைக் குறிக்கும். கடிதத்தையும் ஆவணத்தையும் ஒருங்கே கையாளும் சட்ட மொழிபெயர்ப்பாளருக்கு இவ்விரு பொருளும் ஒரே கோப்பில் எதிர்ப்படக்கூடும். இங்குச் சுளிப்பு அழகுணர்ச்சியால் எழுவதன்று, பொருட்குழப்பத்தால் எழுவது. இதற்கு மாறாக 'டகாய்ட்டி' என்னும் இந்திய ஆங்கிலச் சொல் எக்குழப்பமும் தராதது. ஐவரோ அதற்கு மேற்பட்டவரோ கூடிச் செய்யும் கொள்ளை என 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் அதனை வரையறுத்தது. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் 310ஆம் பிரிவில் அச்சொல்லை அப்படியே வைத்துக்கொண்டுள்ளது.

இன்னும் சில சொற்கள் குழப்பத்தினும் தீயன, அவை மறைக்கின்றன. 'ஈவ் டீசிங்' என்பது பெண்களைத் தெருவிலும் பேருந்திலும் துன்புறுத்துதலைக் குறிக்க இந்தியாவில் பரவிய தொடர். விவிலியத்தின் முதற்பெண்ணை நினைவூட்டி, கிண்டல் என்னும் மென்மையான பெயர்ச்சொல்லால் குற்றத்தைப் போர்த்துகிறது. தமிழ்நாட்டில் 1998இல் இயற்றப்பட்ட தடைச்சட்டம் முதலில் இத்தொடரையே தலைப்பில் தாங்கியிருந்தது. பின்னர் பெண்களைத் துன்புறுத்தல் என்னும் பொருளுடைய தொடராகத் தலைப்பு மாற்றப்பட்டது. உச்சநீதிமன்றம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட, பாலினம் பற்றிய ஒருதலை மனப்படிமங்களைக் களைவதற்கான கையேடு, இதனைத் தவிர்க்கவேண்டிய தொடர்களுள் ஒன்றாகக் குறித்து, தெருவில் நிகழும் பாலியல் துன்புறுத்தல் என்று கூறுமாறு பரிந்துரைக்கிறது. தமிழ் நாளிதழ்களில் 'ஈவ் டீசிங்' எனவும் 'கேலி, கிண்டல்' எனவும் எழுதப்பட்டவற்றுள் எது ஆங்கிலத்தின் தவறான பயன்பாடு என்று வினவினால், ஒலிபெயர்த்த வடிவத்தைக் காட்டிலும் மொழிபெயர்த்த வடிவமே தவற்றைத் தமிழுக்குள் ஆழமாக இறக்கியது என்பது விளங்கும்.

'என்கவுன்டர்' என்னும் சொல் இதனினும் கூர்மையானது. பொது ஆங்கிலத்தில் அது எதிர்ப்படுதல், நேருக்கு நேர் சந்தித்தல். இருவர் சமநிலையில் நிற்கும் சொல். இந்தியாவில் காவல்துறையினரின் துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறப்பதைக் குறிக்கும் சொல்லாக அது நிலைபெற்றது. இத்தகைய இறப்புகளைப் புலனாய்வு செய்வது குறித்து உச்சநீதிமன்றம் 2014 செப்டம்பரில், மக்கள் குடியுரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், 16 நெறிமுறைகளை வகுத்தது. முதல் தகவலறிக்கை பதிதலும் சார்பற்ற புலனாய்வும் நடுவர் விசாரணையும் அவற்றுள் அடங்கும். தமிழ்ச் செய்தியாளர் இதனை 'மோதல்' என்று பெயர்க்கின்றனர். 'மோதலில் கொல்லப்பட்டார்' என்னும் தொடர், இருதரப்பும் சுட்டன என்னும் முன்முடிவைத் தன்னுள் வைத்திருக்கிறது. விசாரணை கண்டறியவேண்டியதை வினைத்தொடர் முன்கூட்டியே கூறிவிடுகிறது. 'காவலர் சுட்டதில் இறந்தார்' என்பது அறிந்ததை மட்டும் கூறும்.

பேச்சுவழக்கோ வேறு வழியில் சென்றிருக்கிறது. 'அவனை என்கவுன்டர் பண்ணிட்டாங்க' என்கின்றனர் தமிழர். 'என்கவுன்டர் கர் தியா' என்கின்றனர் இந்தி பேசுவோர். இந்திய ஆங்கிலத்திலும் 'ஹீ வாஸ் என்கவுன்டர்ட்' என்னும் செயப்பாட்டு வடிவம் கேட்கப்படுகிறது. ஆங்கிலச் சொல்லைப் 'பண்ணு', 'கர்னா' என்னும் துணைவினைகளோடு கூட்டும் இவ்வமைப்பு, தூய்மை விரும்புவோர் இருசாராரையும், ஆங்கிலத் தூய்மையாளரையும் தமிழ்த் தூய்மையாளரையும், ஒருங்கே எரிச்சலூட்டுவது. இலக்கண நோக்கில் பார்த்தால், இருதரப்பும் நிகழ்த்தும் செயலைக் குறித்த பெயர்ச்சொல் இங்கு எழுவாயும் செயப்படுபொருளும் வேறுவேறாக நிற்கும் ஒருவழிச் செயப்படுபொருள் குன்றா வினையாகிவிட்டது. செய்தவர் ஒருவர், செயலுக்கு ஆட்பட்டவர் மற்றொருவர். காவல்துறை அறிக்கையின் வழாநிலை ஆங்கிலம் மறைத்த வேற்றுமைப் பொருளைப் பாமரரின் வழு வெளிக்கொணர்கிறது. நீதிமன்றத்தில் சாட்சி ஒருவர் இத்தொடரைக் கூறும்போது அதனைத் திருத்தி 'மோதல் ஏற்பட்டது' என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர், நடையைச் செம்மைப்படுத்தவில்லை; சாட்சியத்தை மாற்றுகிறார். அவ்விடத்தில் இரண்டாம் வேற்றுமை உருபு கெடாமல், 'அவனை' என்றே பெயர்ப்பிலும் நிற்றல் வேண்டும்.